அடி தாங்குவது எதனால்? குத்துச்சண்டையின் தீராத கேள்வி

ஒரு குத்துச்சண்டை வீரரின் பெருமையைப் பேசும்போது இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். அவர் எவ்வளவு அடி தாங்குவார்? அவர் வாங்கிய குத்துகளிலேயே பலமானது யாருடையது? ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைக் கடலோரத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பல தலைமுறை வயது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் அணி பிரிந்து மோதிய காலத்தில், யார் விழுந்தார், யார் கடைசி ரவுண்டு வரை நின்றார் என்பது ஒரு பேட்டையின் மானப் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது.

உலக அளவில் இதே கேள்வி அதிகம் கேட்கப்பட்டது முகமது அலியைப் பற்றித்தான். சென்னை ரசிகர்கள் அவரை நேரிலேயே பார்த்தவர்கள். 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் இங்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் முன்னாள் உலகச் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கினார். சன்னி லிஸ்டன், ஜோ ஃப்ரேசியர், கென் நார்ட்டன், ஜார்ஜ் ஃபோர்மன், எர்னி ஷேவர்ஸ் ஆகிய ஐவரின் குத்துகளையும் அதற்குள் வாங்கி முடித்திருந்தார். லாரி ஹோம்ஸுடனான போட்டிக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

தாங்கும் திறன் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்களை நான்காகத் தொகுக்கலாம்: பிறவி, பயிற்சி, மனவுறுதி, தற்காப்புத் திறமை. நான்குக்கும் சான்று உண்டு; நான்கிலும் ஓட்டையும் உண்டு.

பிறவிக் கொடை என்னும் வாதம்

மிகப் பழைய பதில் இதுதான். சிலருக்குத் தாடை உறுதியாக அமைந்துவிடுகிறது, சிலருக்கு இல்லை என்பது இதன் சாரம். இந்தக் கட்சியினர் முதலில் காட்டுவது கனடாவின் ஜார்ஜ் சுவாலோவை. 1956 முதல் 1978 வரை 93 தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய அவர் ஒருமுறைகூடத் தரையில் விழவில்லை. ஃப்ரேசியரும் ஃபோர்மனும் அவரை வென்றார்கள். இருவராலும் அவரை வீழ்த்த முடியவில்லை, நடுவர்தான் போட்டியை நிறுத்தினார். 1966இல் டொராண்டோவில் அலியுடன் 15 ரவுண்டும் நின்றார்.

உடலியல் இந்த வாதத்துக்கு ஓரளவு துணை நிற்கிறது. தலை நேர்கோட்டில் தள்ளப்படுவதைவிடச் சட்டென்று திருகப்படுவதே மூளைக்கு அதிகக் கேடு என்று ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலர் ஹோல்போர்ன் 1943இல் எழுதினார். தாடையின் நுனி கழுத்தெலும்பின் அச்சிலிருந்து தள்ளி இருக்கிறது. பக்கவாட்டில் வரும் ஹூக் அங்கே படும்போது தலை முழுதும் நெம்புகோலில் மாட்டியதுபோல் சுழல்கிறது. மண்டையோடு முதலில் திரும்ப, உள்ளே மூளை ஒரு கணம் பிந்தித் திரும்புகிறது. கண் நிலைகுத்துவதும் முழங்கால் மடங்குவதும் அப்போதுதான். கழுத்து பருத்தவருக்கும் தலை கனத்தவருக்கும் இந்தச் சுழற்சி குறையலாம் என்பது நியாயமான ஊகம்.

ஆனால் பிறவியில் வந்தது பாதியில் போகக் கூடாது. ராய் ஜோன்ஸ் ஜூனியர் 2004 மே மாதம் வரை ஒருமுறையும் நாக் அவுட் ஆனதில்லை. அந்த மாதம் அன்டோனியோ டார்வர் அவரை இரண்டாவது ரவுண்டில் சாய்த்தார். செப்டம்பரில் கிளென் ஜான்சன் மீண்டும் சாய்த்தார். ஆளும் தாடையும் மாறவில்லை. வயது, எடைக் குறைப்பு, முன்பு வாங்கிய அடிகளின் சேர்மானம் ஆகியவற்றில் எதுவும் காரணமாகலாம். எதுவானாலும், பிறவி மட்டுமே விடை என்பது இங்கே உடைகிறது.

உழைப்பும் வாத்தியாரும்

இரண்டாம் பதில் வடசென்னைக்கு நெருக்கமானது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், காசிமேட்டில் வலை இழுத்தவர், பின்னி நெசவாலையில் உழைத்தவர், திருவொற்றியூர், எண்ணூர்ப் பட்டறைகளில் இரும்போடு மல்லுக்கட்டியவர் ஆகியோரிடமிருந்தே பாக்சிங் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் உடம்பு வேலையிலேயே இறுகியது, வாத்தியார் அதைச் செதுக்கினார் என்பது இந்த மரபின் நம்பிக்கை. விடிகாலை மணலில் ஓட்டம், ஸ்கிப்பிங், வயிற்றில் மெடிசின் பால் அடி, கழுத்துக்குத் தனிப் பயிற்சி, பிறகு ஸ்பாரிங். அடி வாங்க வாங்கத்தான் அடி பழகும் என்ற எண்ணம் இந்த வரிசையின் அடியில் இருக்கிறது.

இந்தப் பதிலின் ஒரு பாதி சரி. வயிற்றுத் தசை இறுகும், மூச்சு நீளும், களைப்பு தள்ளிப்போகும். களைத்தவர் கார்டைத் தாழ்த்துவார், தாழ்த்தியவர் குத்து வாங்குவார் என்பதால், நல்ல உடற்தகுதி மறைமுகமாகத் தாங்கும் திறனாகிறது. விலாவில் விழும் குத்தின் வலியைப் பழக்கத்தால் அடக்கலாம் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை.

மறு பாதியில்தான் சிக்கல். தசை பழகுவதுபோல் மூளை பழகுவதில்லை. கழுத்துப் பயிற்சி தலையின் சுழற்சியை எவ்வளவு குறைக்கும் என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவு தரவில்லை. குத்து வருவது தெரியாதபோது, கழுத்து எவ்வளவு பலமாக இருந்தாலும் அது இறுகுவதற்கு நேரமே இல்லை. அலி தம் பென்சில்வேனியா முகாமில் ஸ்பாரிங் ஆட்களைத் தம்மீது தாராளமாக அடிக்கவிட்டார் என்பது பலரும் பதிவு செய்த செய்தி. அது அவரை உறுதியாக்கியதா, தேய்த்ததா என்று கேட்டால், இன்று பெரும்பாலான மருத்துவர்கள் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

ரோசமும் நெஞ்சுரமும்

மூன்றாம் பதில் உடம்பை விட்டு மனத்துக்குப் போகிறது. தனக்காக மட்டும் அல்லாமல் ஒரு கூட்டத்துக்காக நிற்பவர் சீக்கிரம் விழமாட்டார் என்கிறது. பரம்பரைக் குத்துச்சண்டையின் உயிர்நாடியே இந்த ரோசம்தான். நாட் டெர்ரி என்ற வீரரைச் சார்பட்டாவின் கித்தேரி முத்து வென்றதும், பெரியார் அவருக்குத் ‘திராவிட வீரன்’ என்று பட்டம் தந்ததும் வடசென்னை இன்றும் சொல்லும் கதை. அங்கே ஒரு மனிதரின் தாடை ஒரு மக்கள் கூட்டத்தின் தாடையாகிவிடுகிறது. பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் 2021இல் வெளிவந்தபோது இந்த உணர்வை மாநிலம் முழுதும் புரிந்துகொண்டது.

அலியின் வாழ்க்கையிலும் இதற்குச் சான்று தேடலாம். 1973 மார்ச் 31 அன்று சான் டியேகோவில் நார்ட்டன் அவர் தாடையை உடைத்தார். உடைந்த தாடையோடு 12 ரவுண்டையும் முடித்து, நடுவர்களிடையே பிளவுபட்ட தீர்ப்பில் அலி தோற்றார். தாடை உடைந்தது தொடக்க ரவுண்டிலேயே என்றது அலியின் தரப்பு. கடைசிக் கட்டத்தில்தான் என்றார் நார்ட்டன். ஒரு வீரர் எவ்வளவு நேரம் வலியைத் தாங்கினார் என்ற எளிய உண்மையே இப்படிக் கட்சி பிரிகிறது.

இதைவிடக் கூர்மையான சான்று 1977 செப்டம்பர் 29 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் கிடைத்தது. இரண்டாவது ரவுண்டில் ஷேவர்ஸின் வலக்கைக் குத்து அலியின் தலையில் இறங்கியது. கால் தளர்ந்தது. அலி உடனே கேலி செய்வதுபோல் தள்ளாட்டத்தை மிகைப்படுத்தி ஆடிக் காட்டினார். ஷேவர்ஸ் குழம்பிவிட்டார், அலி வலை விரிக்கிறார் என்று நினைத்துத் தயங்கினார். உண்மையான தள்ளாட்டம் நடிப்பாகத் தெரிந்ததால் அலி பிழைத்து 15 ரவுண்டையும் முடித்து வென்றார். இதை மனவுறுதி என்பதா, சமயோசிதம் என்பதா?

மனவுறுதி வாதத்தின் எல்லை தெளிவானது. நினைவு இருக்கும்வரைதான் மனம் வேலை செய்யும். நினைவு தப்பியவரிடம் ரோசம் பேச முடியாது. இதில் ஆபத்தும் உண்டு. 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் ஃப்ரேசியர் 15ஆவது ரவுண்டுக்கு எழத் தயாராக இருந்தார். பயிற்சியாளர் எடி ஃபட்ச் விடவில்லை. ஏறக்குறையப் பார்வை இழந்திருந்த வீரரின் நெஞ்சுரத்தை மீறி எடுக்கப்பட்ட அந்த முடிவையே இன்று விளையாட்டுலகம் மெச்சுகிறது.

அடியே வாங்காத திறமை

நான்காம் பதில் கேள்வியையே திருப்பிப் போடுகிறது. பெரிய வீரர்கள் குத்தைத் தாங்குவதில்லை. குத்தின் வேகத்தோடு தலையை விலக்கி அதன் கனத்தை உதிர்த்துவிடுகிறார்கள் என்கிறது. புறநானூற்றின் 80ஆம் பாடலில் சாத்தந்தையார் பாடும் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனை வீழ்த்துகிறான். அது குத்துச்சண்டை அன்று, மற்போர். ஆயினும் புலவரின் கண் அவன் தோளின் கனத்தில் நிற்கவில்லை. ஒரு கால் மார்பை அழுத்த, மறு கால் எதிரியின் உத்தியை முறிக்க என்று கால் வைத்த விதத்தில் நிற்கிறது. ரஞ்சித்தின் படத்தில் வரும் முரட்டு வேம்புலியைவிட, ஆடிக்கொண்டே சண்டையிடும் டான்சிங் ரோஸ் ரசிகர் மனத்தில் ஒட்டிக்கொண்டதற்கும் இந்தக் கால்களே காரணமாக இருக்கக்கூடும்.

1967க்கு முந்தைய அலி இந்தக் கட்சியின் சிறந்த சாட்சி. கையைத் தாழ்த்தி, தலையைப் பின்னுக்கு இழுத்து, குத்து ஓரங்குலத்தில் காற்றில் போகும்படி ஆடினார். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனை அடிக்கவிட்டதும் வெறும் சகிப்பு அல்ல. பல குத்துகள் முழங்கையிலும் முன்கையிலும் விழுந்தன. தளர்ந்த கயிறு அவர் தலையைப் பின்னுக்குப் போகவிட்டது. எட்டாவது ரவுண்டில் களைத்துப்போன ஃபோர்மன் விழுந்தார்.

ஆனால் காலை நம்பிய ஆட்டம் கால் போனதும் போய்விடும். வியட்நாம் போருக்கான ராணுவ அழைப்பை மறுத்ததால் அலி 1967 மார்ச்சிலிருந்து 1970 அக்டோபர் வரை மேடை ஏறவில்லை. திரும்பி வந்தவரிடம் பழைய கால் இல்லை. அதன் பிறகுதான் அவரால் இவ்வளவு அடி தாங்க முடியும் என்பது உலகுக்கே தெரிந்தது. ஆக, ஒரே மனிதர் இரண்டு கட்சிகளுக்கும் சாட்சி சொல்கிறார்: முற்பாதி திறமைக்கு, பிற்பாதி தாங்கும் சக்திக்கு. பிற்பாதியை மட்டும் கொண்டாடுவது, முற்பாதி ஏன் மேலானது என்பதை மறப்பதாகும்.

பலமான குத்து யாருடையது?

இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தருவோர் இரு வகை. அளப்பவர்கள் ஒரு வகை. 1985இல் பிரிட்டனில் ஃபிராங்க் புரூனோவின் குத்தை அளந்தார்கள். கையின் வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர், குத்தின் உச்ச விசை சுமார் 4,100 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 0.4 டன் எடைக்கு இணை. 2005இல் ஒலிம்பிக் வீரர்கள் எழுவரை அளந்த அமெரிக்க ஆய்வில் விசை ஏறத்தாழ 2,000 முதல் 4,700 நியூட்டன் வரை விரிந்தது. கையின் வேகத்தோடு, குத்தின் பின்னால் உடம்பின் எவ்வளவு எடை சேர்ந்து வருகிறது என்பதும் இந்த விசையைத் தீர்மானிக்கிறது. தோளும் இடுப்பும் காலும் ஒரே சமயத்தில் திரும்பினால்தான் குத்தில் கனம் ஏறும் என்று வாத்தியார்கள் வாய்மொழியாகச் சொல்லி வந்ததும் இதையேதான்.

சாட்சி சொல்பவர்கள் இன்னொரு வகை. அலி தம் மீது விழுந்ததிலேயே பலமானது ஷேவர்ஸின் குத்து என்றார். ஹோம்ஸும், மைக் டைசனைவிட ஷேவர்ஸே பலமாக அடித்தார் என்று சொல்லியிருக்கிறார். 74 வெற்றிகளில் 68 நாக் அவுட் என்ற ஷேவர்ஸின் கணக்கு இதற்கு வலுச் சேர்க்கிறது.

இந்தச் சாட்சியங்களில் ஒரு குறை உண்டு. ஒருவரை முழுதாக நினைவிழக்கச் செய்த குத்து அவர் நினைவில் பெரும்பாலும் இருக்காது. எனவே ‘பலமான குத்து’ என்று பெயர் சொல்லப்படுவது, வலித்தும் நினைவு தப்பாத குத்துக்கே. தாங்கியவர் வென்றும் இருந்தால் அதை நினைவுகூர்வதில் பெருமிதமும் சேரும். ஷேவர்ஸ் அலியை வெல்லவில்லை, வீழ்த்தவும் இல்லை. வீழ்த்தியவர்களில் இருவர் இடக்கை ஹூக்கால் வீழ்த்தினர்: 1963இல் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பர், 1971 மார்ச் 8 அன்று 15ஆவது ரவுண்டில் ஃப்ரேசியர். மூன்று போட்டிகளில் மொத்தம் 41 ரவுண்டு அலியை அடித்தவரும் ஃப்ரேசியர்தான். ஒற்றைக் குத்தின் கனம் ஒரு கணக்கு. மூன்று போட்டிகளில் விழுந்த குத்துகளின் கூட்டுத்தொகை வேறு கணக்கு. ‘யார் பலமாக அடித்தார்’ என்ற கேள்வி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

வடசென்னையின் பட்டியலுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். பரம்பரைப் போட்டிகளைப் பற்றி நமக்கு எட்டுவதில் எழுத்துப் பதிவைவிட வாய்வழி நினைவே அதிகம். அந்த நினைவும் பரம்பரைப் பற்றோடு வருகிறது. சார்பட்டாக்காரர் சொல்லும் பலசாலியும் இடியப்ப நாயக்கர் பரம்பரைக்காரர் சொல்லும் பலசாலியும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. அந்த நினைவுகள் பொய் என்று தள்ளுவது தவறு. அளவீடு என்று கொள்வதும் தவறு.

பின்னால் வரும் விலை

தாங்குவதன் விலையைப் பற்றிய ஆய்வு 1928இல் ஹாரிசன் மார்ட்லண்டு எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. தள்ளாடும் நடையும் குழறும் பேச்சும் பழைய குத்துச்சண்டைக்காரர்களிடம் காணப்படுவதை மருத்துவ உலகின் கவனத்துக்கு அவர் கொண்டுவந்தார். 1969இல் ராபர்ட்ஸ் பிரிட்டனின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 224 பேரைப் பரிசோதித்து, 17 விழுக்காட்டினரிடம் மூளைப் பாதிப்பின் அறிகுறிகளைக் கண்டார். அதிகப் போட்டி ஆடியவர்களிடம் பாதிப்பும் அதிகம். 1973இல் கார்செலிஸ் குழு இறந்த வீரர்கள் 15 பேரின் மூளைகளை ஆராய்ந்து, பாதிப்பு எந்தெந்தப் பகுதிகளில் என்று விவரித்தது. இவர்களில் பலர் அடி தாங்கும் ஆட்கள் என்று பெயரெடுத்திருக்கக்கூடியவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது: சீக்கிரம் விழுபவர் நெடுங்காலம் தொழிலில் நீடிப்பது அரிது.

அலியின் பேட்டி ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2017இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 26 வயதுக்கும் 39 வயதுக்கும் இடையே அவர் பேச்சின் வேகம் சுமார் 26 விழுக்காடு குறைந்திருந்தது. 1984இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சரிவு தொடங்கிவிட்டது. இந்தக் கணக்குப்படி, 38 வயதில் சென்னை மேடையில் நின்றவரும் அந்தச் சரிவின் நடுவே நின்றவர்தான். அவரது மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ ஷேவர்ஸ் போட்டிக்குப் பிறகே எச்சரித்துவிட்டு விலகியிருந்தார். 1980 அக்டோபர் 2 அன்று ஹோம்ஸ் அவரைப் பத்து ரவுண்டு அடித்த பிறகு, மூலையில் இருந்த ஏஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார்.

இங்கும் எச்சரிக்கை தேவை. அலியின் நோய்க்குக் குத்துகளே காரணம் என்பது பொதுவான நம்பிக்கை. அவரை நீண்டகாலம் கவனித்தவர்கள் உள்ளிட்ட நரம்பியல் நிபுணர்கள் 2022இல் வேறு விதமாக எழுதினார்கள்: நோயின் போக்கும் மருந்துக்கு அது இணங்கிய விதமும், இளவயதில் தானாக வரும் பார்க்கின்சன் நோயோடு பொருந்துகின்றன என்றார்கள். குத்துகள் அதை முடுக்கிவிட்டனவா என்பது தீரவில்லை. சென்னையில் அலிக்கு எதிரே நின்ற ஜிம்மி எல்லிஸும் பிற்காலத்தில் மறதிநோயால் துன்பப்பட்டு 2014இல் மறைந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் கூடுகிறது. ஆனால் இரண்டு பேரை வைத்து விதி எழுத முடியாது.

விதிகள் இந்தக் கேள்வியோடு ஊசலாடி வந்திருக்கின்றன. 1982இல் கொரியாவின் டக் கூ கிம், ரே மன்சினியுடன் மோதி உயிரிழந்த பிறகு 15 ரவுண்டுப் பட்டப் போட்டிகள் 12 ஆகக் குறைந்தன. சென்னைக் குத்துச்சண்டை வீரர் தேவராஜன் ஆடிய 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கணினிப் புள்ளி முறை வந்தது. அதில் மெல்லிய ஜாபும் பலத்த ஹூக்கும் ஒரே புள்ளி. தாங்கும் திறனுக்கு மதிப்பெண்ணே இல்லாமல் செய்த முறை அது. 2013இல் சர்வதேசக் குத்துச்சண்டை அமைப்பு அந்த முறையைக் கைவிட்டது. ஆண்கள் பிரிவில் தலைக்கவசத்தையும் நீக்கத் தொடங்கியது. கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், தலையின் சுழற்சியைப் பெரிதாகத் தடுக்காது என்பது நீக்கியவர்கள் வாதம். இதிலும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

மதிப்பீடு

நான்கு பதில்களையும் சேர்த்து எடைபோட்டால், தாங்கும் திறன் ஒற்றைக் குணம் அல்ல என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். குத்தின் கனத்தை உதிர்ப்பது திறமையும் பயிற்சியும். வலியைக் காட்டாமல் மீள்வது மனமும் சமயோசிதமும். ஒரே அடியில் நினைவு தப்பாதிருப்பதில் பிறவிக்குப் பங்கு இருக்கலாம். நான்காவதாக, எந்தப் பதிலும் நேராகத் தொடாத ஒன்று உண்டு: மூளை எவ்வளவு காலம் தாங்கும் என்பது. முதல் மூன்றிலும் சிறந்தவர் இந்த நான்காவதில் அதிகம் இழக்கிறார் என்பதற்கே சான்றுகள் சாய்கின்றன.

திறந்தே இருக்கும் கேள்விகள் குறைவல்ல. ஒருவருக்கு எத்தனை குத்து அதிகம் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை இல்லை. 1997இல் முப்பது வீரர்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒரு மரபணு வகைக்கும் பாதிப்பின் கடுமைக்கும் தொடர்பைக் காட்டியது. அதைக் கொண்டு யாரையும் மேடை ஏற்றவோ இறக்கவோ இன்னும் முடியாது. நினைவு தப்பச் செய்யாத சிறு அடிகளின், குறிப்பாக அன்றாட ஸ்பாரிங் அடிகளின், பங்கு எவ்வளவு என்பதும் தெளியவில்லை.

வடசென்னையில் செய்யக்கூடியவை இரண்டு. பரம்பரைக் காலத்து வீரர்களில் எஞ்சியிருப்பவர்களின் ஆட்ட வரலாற்றோடு உடல்நல வரலாற்றையும் ஒரு மருத்துவக் கல்லூரியோ விளையாட்டுச் சங்கமோ முறையாகப் பதிவு செய்ய வேண்டும். யார் பலமாக அடித்தார் என்ற கதைக்கு அது ஒரு அடித்தளமாவது தரும். இன்று பிள்ளைகளைப் பழக்கும் வாத்தியார்கள், தலையில் விழும் ஸ்பாரிங் அடியை எண்ணிக் குறைக்க வேண்டும். ‘இவன் எவ்வளவு அடித்தாலும் தாங்குவான்’ என்று ஒரு மாணவனைப் பற்றித் தோன்றினால், அவனை முதலில் அனுப்ப வேண்டிய இடம் மருத்துவரின் அறை.